மல்லாந்து கிடந்த மாமன்

முதலில் புளியமரம் தெரிந்தது. கிளைகளுக்கு நடுவே பொடிப்பொடியாக வானம். அப்புறம் அந்த வானத்தை மறைத்துக்கொண்டு, என்னைச் சுற்றி வட்டமாக முகங்கள். எல்லாம் தலைகீழ். மீசை மேலே, கண் கீழே.

“மூச்சு இருக்குதுங்களா?” என்றது ஒரு முகம்.

“இருக்குது, இருக்குது. கண்ணு முழிச்சுட்டாரு.”

“அப்ப பந்திக்கு எலை போட்டறலாமுங்களா?” என்றது இன்னொன்று.

அந்தக் கடைசி ஆள் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்தால் ஒரு சால்வை போர்த்துவேன். பக்கத்தில் ஒருவன் மயங்கிக் கிடக்கும்போது இலையைப் பற்றி யோசிக்கிற ஆளுக்கு ரத்த அழுத்தம் எந்தக் காலத்திலும் ஏறாது.

நான் கிடந்த இடம், நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு குலசாமி கோயில் வாசல். என் தங்கை வளர்மதியின் புகுந்த வீட்டுக் கோயில். அன்றைக்கு அவளுடைய ஒரே மகள் யாழினிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்காரவைத்துத்தான் குத்துவது வழக்கம். அந்தத் தாய்மாமன் நான்தான். மடி இருக்கவேண்டிய இடத்தில், என் இரண்டு கால்களையும் யாரோ அரிசி மூட்டையின் மேல் தூக்கி வைத்திருந்தார்கள்.

சென்ற வாரம், பாறைக்குள் துளைக்கம்பி சிக்கி நின்ற ரிக் வண்டிக்கு நடுக்காட்டில் காவல் கிடந்த கதையைச் சொல்லியிருந்தேன். அதைப் படித்த வாசகர் ஒருவர், “உங்களுக்குப் பயம் என்பதே கிடையாதா?” என்று கேட்டிருக்கிறார். ஐயா, இந்த வாரம் உங்களுக்காகத்தான்.

நாற்காலியைக் கண்டு உட்கார்ந்தவன்

அந்தக் காதுகுத்துக்குச் சில வாரங்களுக்கு முன்னால், ராசிபுரம் பேருந்து நிலையத்தில் ஓர் இலவச மருத்துவ முகாம் நடந்தது. எனக்கு அதில் எந்த அக்கறையும் இல்லை. வெயில் கொளுத்தியது, பஸ் வரவில்லை, முகாமில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி காலியாக இருந்தது. உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் கையில் பிரஷர் பார்க்கிற பட்டையைச் சுற்றிவிட்டார்கள்.

காற்றடித்த பெண் கருவியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடியும் காற்றடித்தாள்.

“அண்ணா, கூட யாராச்சும் வந்திருக்காங்களா?”

அவ்வளவுதான். அதற்கப்புறம் அவள் சொன்ன எண் எதுவும் என் காதில் ஏறவில்லை.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். ஆழ்துளைக் கிணறு போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் பல வருடம் மேனேஜராக இருந்தவன் நான். அதில் எல்லாமே காற்றழுத்தம். கம்ப்ரசர் காற்றை அமுக்கி அனுப்பும். ஹோஸ் குழாய் வழியாக இறங்கி அது பாறையைப் பொடியாக்கும். மீட்டர் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால் வால்வைத் திறந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஹோஸ் பிய்த்துக்கொண்டு ஆடும். அப்படி ஆடிய ஒரு ஹோஸ், மத்தியப் பிரதேசத்தில் ஒரு டீக்கடையின் கூரையைக் கொண்டுபோனதை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைக்காமல் ஆகாயத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

இப்போது அந்தக் கம்ப்ரசர் என் சட்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சிவப்புக் கோட்டுக்கு மேலே.

அன்று முதல் தலையணையில் காதை வைத்தால் டம் டம் என்றது. காதை எடுத்தாலும் டம் டம் என்றது. மாடிப்படியைக் கண்டால் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். கருவி கண்ட இடமெல்லாம் கையை நீட்டினேன். ஒரு கல்யாண மண்டபத்தில் தெரிந்த கம்பவுண்டரைக் கண்டதும் சட்டைக் கையை மடித்துவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன். அவர் கையில் சாம்பார் வாளி இருந்தது.

என் மனைவி பூங்கொடியிடம் ஒருநாள் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னேன்: “எனக்கு எதாச்சும் ஒண்ணு ஆயிப்போச்சுன்னா, மோட்டார் ரூம் சாவி எங்க இருக்குதுன்னு தெரியுமா உனக்கு?”

“தெரியுமுங்க. உங்களுக்குத்தான் தெரியாது. தெனமும் எங்கிட்டத்தான கேக்கறீங்க” என்றாள் அவள், வெங்காயம் உரித்தபடியே.

எல்லோரும் வைத்தியர்

தங்கை வீட்டுக்காரர் செந்தில் ராசிபுரத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். நான் அவரை மாப்ளை என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். அவர்தான் என்னை ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துக்கொண்டு போனார். காலையில் ஒரு மாத்திரை என்று எழுதிக் கொடுத்தார்கள். கடையில் அதைப் பிரித்துக் கையில் வைத்தால், மூக்குத்திக் கல் அளவுதான் இருந்தது.

“இத்தனாம்பெரிய ஒடம்புக்கு இத்துணூண்டுதானுங்களா?”

“லாரிக்குச் சாவி எத்தனாம் பெருசுங்க மச்சான்?” என்றார் மாப்ளை.

வாயை மூடிக்கொண்டு விழுங்கினேன். ஆனால் நம்பிக்கை வரவில்லை. இவ்வளவு பெரிய பயத்துக்கு இன்னும் கொஞ்சம் பெரிதாக, கசப்பாக, ஊரறியக் காய்ச்சிக் குடிக்கிற மாதிரி ஒன்று வேண்டியிருந்தது.

ஊர் கைவிடவில்லை. ஓமலூரில் இருக்கிற சம்பந்தி மருதம்பட்டையைக் கட்டாகக் கொடுத்தனுப்பினார். நெஞ்சுக்கு அதைவிட்டால் வேறில்லை என்றார். காய்ச்சிக் குடித்ததும் வந்த துவர்ப்பில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அரைநாள் நான் பேசவில்லை. பூங்கொடி சம்பந்திக்குப் போன் போட்டு நன்றி சொன்னாள். செம்பருத்தி ரத்தக் கொதிப்பை இறக்கும் என்று கைப்பேசி வீடியோவில் ஒருவர் சொன்னார். எதிர்வீட்டுச் செடியில் பூ குறைய, அந்த அம்மா என் வாயின் சிவப்பைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுச் சாமிக்கு அரளி வைக்கத் தொடங்கினார். பச்சைப் பூண்டையும் விடவில்லை. அதற்கப்புறம் பஸ்ஸில் எனக்கு எப்போதும் இரண்டு பேர் இருக்கை.

கைப்பேசியைப் பார்த்துப் பார்த்து வேதிப்பொருள் பெயர்கள்கூட அத்துப்படி ஆயின. பூண்டை நசுக்கினால் ஆலிசின். மருதம்பட்டையில் டானின். பத்தாம் வகுப்பில் எனக்கு வேதியியல் எடுத்த ஆசிரியர் கேட்டிருந்தால், அவருக்கும் பிரஷர் ஏறியிருக்கும்.

அப்படித் தேடிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு படம் கண்ணில் பட்டது. படத்தில் இருந்த கிழங்கு எனக்குத் தெரிந்த முகம். தெரிந்த முகம் என்ன, அந்த நேரத்தில் அது என் வீட்டு வாசல் களத்தில் காய்ந்துகொண்டிருந்தது.

களமெல்லாம் மணந்த காலம்

மருந்துக்கூர்க்கன் என்று ஒரு செடி. எங்கள் பக்கம் தம்மம்பட்டி வரைக்கும் அப்போது பலபேர் போட்டிருந்தார்கள். கம்பெனிக்காரர்கள் வருவார்கள், நடச்சொல்வார்கள், ஆறுமாசத்தில் வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். ரிக்கை விட்டுவிட்டு ஊரோடு வந்து சேர்ந்ததும் நானும் போட்டேன்.

அந்த அறுவடையை இப்போது நினைத்தாலும் மூக்குக்குள் வாசம் வருகிறது. இலையைக் கசக்கினால் கற்பூரவல்லிக்குச் சொந்தக்காரன் என்று தெரியும். கிழங்கைப் பிடுங்கி மண்ணை உதறி, வேப்பமர நிழலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வில்லை வில்லையாக அரிவார்கள். உள்ளே காவி கலந்த மஞ்சள். அரிகிறவர்களின் விரலெல்லாம் அதே நிறம்; அந்த விரலாலேயே டீயை வாங்குவார்கள், டீயிலும் கிழங்கு மணக்கும். தை மாசத்து வெயில் சுடாமல் அடிக்கும். களம் முழுக்கப் பரப்பிய வில்லைகள் காயக் காயச் சுருண்டு, காலால் துழாவினால் சலசலக்கும். அந்தச் சத்தத்துக்காகவே நான் வேலையில்லாமல் களத்தில் நடப்பேன்.

“துழாவுறதுக்கு ஆள் போட்டிருக்குதுங்க, நீங்க எதுக்கு?” என்பாள் பூங்கொடி.

“முதலாளி நடந்தாத்தான் நல்லாக் காயும்.”

அது எதற்கு மருந்து என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கேட்டால் கம்பெனி ஆள், “வெளிநாடு போவுதுங்க” என்பார். அதுவே பெரிய பெருமையாக இருந்தது. எங்கள் கிழங்கு கப்பல் ஏறும். நாங்கள் மாத்திரை வாங்க டவுன் பஸ் ஏறுவோம்.

கைப்பேசியில் இருந்தவர் சொன்னார்: இந்தக் கிழங்கில் ஃபோர்ஸ்கோலின் என்று ஒரு பொருள் இருக்கிறது, அது ரத்தக்குழாயைத் தளர்த்தும், அழுத்தத்தை இறக்கும்.

வாசலுக்கு ஓடினேன். வால்வு! மூட்டை மூட்டையாக வால்வு என் களத்தில் காய்கிறது!

ஒரு கைப்பிடி அள்ளிவந்து அடுப்பில் ஏற்றினேன். பூங்கொடி எட்டிப் பார்த்தாள்.

“ஏனுங்க, வாங்கிட்டுப் போற கம்பெனிக்காரன் ஒருநாளாச்சும் ஒரு துண்டை வாயில போட்டுப் பாத்திருக்கானா?”

“அவனுக்குப் பிரஷர் இல்ல.”

“உங்களுக்கு மாத்திரை இருக்குதுல்லங்க?”

“அதுவும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும். ஏத்தத்துல நிக்கிற வண்டிக்கு ஒரு கல்லுதான் வெப்பாங்களா? ரெண்டு சக்கரத்துக்கும் வெப்பாங்க.”

 மாப்ளையிடம் மட்டும் சொல்லாதே என்று அவளிடம் கேட்டுக்கொண்டேன்.

போனில் சொன்ன சொல்

இவ்வளவு பயம் எதற்கு என்றால், சாவைப் பற்றி மட்டும் இல்லை. காதுகுத்து நெருங்கிக்கொண்டிருந்தது.

வளர்மதிக்குக் கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளை இல்லை. நான் ரிக்கோடு எங்கெங்கோ அலைந்த வருடங்கள் அவை. ஏதாவது ஒரு ஊரின் எஸ்டிடி பூத்திலிருந்து, பிறகு கைப்பேசியிலிருந்து பேசுவேன். “எப்படி இருக்கறே?” என்றால் “இருக்கறேண்ணா” என்பாள். இரண்டுக்கும் நடுவே கொஞ்ச நேரம் ஒன்றும் பேசமாட்டாள். அந்த இடத்தை நிரப்ப எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

“அதெல்லாம் பொறக்கும் கண்ணு. பொறந்ததும் காது குத்தறதுக்கு என் மடியை இப்பவே துடைச்சு வெச்சிருக்கறேன்.”

அவள் சிரிப்பாள். ஒவ்வொரு முறையும் இதையே சொன்னேன். ஒவ்வொரு முறையும் சிரித்தாள். கடைசி சில வருடங்களில் சிரிப்பு வர நேரமானது, ஆனாலும் வந்தது.

பிறகு யாழினி பிறந்தாள். குலசாமி கோயிலில் நாள் குறித்தார்கள். வளர்மதி என்னைக் கூப்பிட்டுச் சொன்னது ஒரே வரி: “அண்ணா, மடியத் தொடச்சு வெச்சுக்க.”

அதற்கு மூன்றாம் நாள்தான் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அந்த மடியில் அந்தப் பிள்ளை உட்காரும்வரை கம்ப்ரசர் ஓடியாக வேண்டும். அதற்கப்புறம் அது என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். நான் சாமியிடம் பேசிவைத்த ஒப்பந்தம் அது. ஒப்பந்தத்தைச் சாமி மீறிவிடக்கூடாதே என்று என் பங்குக்குக் கஷாயத்தின் அளவைக் கூட்டினேன்.

பிளாஸ்க்

காதுகுத்தன்று தாய்மாமன் விரதம். குத்தி முடித்த பிறகுதான் சாப்பாடு. விடிந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டேன். கூர்க்கன் கஷாயத்தைக் கெட்டியாகக் காய்ச்சி டீ பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டேன்.

கோயிலில் ஒறம்பரைக் கூட்டம், இரண்டு பக்கத்துச் சொந்தமும், நிறைந்திருந்தது. வெறுங்காலோடு, பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு, மேளத்துக்குப் பின்னால் கோயிலைச் சுற்றி வந்தேன். மண்டையில் வெயில். நெஞ்சு டம் டம் என்றது. மேளமா நெஞ்சா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. மொட்டை போடுவதற்காகப் பிள்ளையை வாங்கிக்கொண்டு போனதும், புளியமரத்துக்குப் பின்னால் ஒதுங்கி, பிளாஸ்க்கை அண்ணாந்து ஒரே மூச்சில் காலிசெய்தேன். மாப்ளையின் சித்தப்பா அந்தப் பக்கம் வந்தவர் என்னைப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மணையில் உட்கார்ந்தேன். சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு யாழினியை மடியில் வைத்தார்கள். வாயில் வெல்லக்கட்டி. எச்சில் வெல்லம் என் வேட்டியில் வழிந்தது. ஆசாரி தங்கக் கம்பியை எடுத்துத் துடைத்தார். எதிரே வளர்மதி. அவள் முகத்தைப் பார்த்தேன்.

அந்த முகத்தின் ஓரங்கள் கறுத்துக்கொண்டே வந்தன. மேளம் தூரத்தில் போனது. கை கால் எல்லாம் யாருடையவோ போல் ஆகிவிட்டன. அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், “மாப்ளை, புள்ளையப் புடிங்க” என்று சொன்னதுதான்.

அப்புறம்தான் புளியமரம் தெரிந்தது.

படுத்த மடி

“நான் பாத்தனுங்க” என்று சித்தப்பா கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். “மரத்துக்குப் பின்னால போயிப் பிளாஸ்க்குல வெச்சு ஊத்திக்கிட்டாரு. சாமி காரியத்துல இதெல்லாம் ஆவுங்களா?”

“குடிகாரப் பட்டமா, நெஞ்சுவலியா?” என்று அந்த நிலையிலும் என் மனசு கணக்குப் போட்டது. நெஞ்சுவலிக்குத்தான் மரியாதை அதிகம் என்று பட்டது.

மாப்ளை பிளாஸ்க்கை மோந்து பார்த்தார். முகம் மாறியது. கால்களை அரிசி மூட்டையில் தூக்கி வைத்தவர் அவர்தான்.

“இது களத்துல காயற கிழங்குதானுங்களே?”

“ஆமாங்க.”

“காத்தால மாத்திரை?”

“போட்டனுங்க.”

“சோறு?”

“வெரதமுங்க.”

மாப்ளை நெற்றியில் அடித்துக்கொண்டார். “ஏனுங்க மச்சான், மருந்துக்கடை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறேன். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லங்க?”

“கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க.”

“அதுக்குத்தானுங்க கேக்கறது!”

ஆஸ்பத்திரிக்குக் கார் வரச்சொன்னார். அது வரும்வரை எழுந்திருக்கவே கூடாது என்றார். எழ முயன்று பார்த்தேன், மரம் சுற்றியது, படுத்துக்கொண்டேன்.

பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமினார். “நேரம் போயிட்டிருக்குதுங்க. மொறைக்கு இன்னொரு மாமன் இருக்கறாப்டி. அவரு மடியில வெச்சுக் குத்திப்போடலாம்.”

அந்த இன்னொரு மாமன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தே விட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். எத்தனை ஊரிலிருந்து, எத்தனை முறை சொன்ன சொல். மயக்கம் திரும்பவும் வந்தால் தேவலை என்றிருந்தது.

“எங்கண்ணன் உசுரோடதான இருக்கறாரு?” என்று வளர்மதியின் குரல் கேட்டது. “அவரு உக்காரக்கூடாது, அவ்வளவுதான? படுத்திருக்கட்டும்.”

“படுத்த ஆளுக்கு மடி ஏதம்மிணி?”

“அது எனக்குத் தெரியுங்க.”

அவள் பிள்ளையை வாங்கிக்கொண்டு வந்தாள். என் பக்கத்தில் குந்தி, என் வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் யாழினியைக் கவிழ்த்துப் படுக்கவைத்தாள். சந்தன மொட்டை என் தாடைக்குக் கீழே வந்து இடித்தது.

“அண்ணா, எந்திரிக்காத. அப்படியே கெட.”

ஆசாரி குனிந்து எங்கள் இருவரையும் பார்த்தார். “எத்தனையோ காது குத்தியாச்சு. மாமனையும் படுக்கப்போட்டுக் குத்துறது இதாங்க மொதத் தடவ. அசையாம இருங்க சாமி.”

“அசையறதுக்கு எங்கிட்ட என்னங்க இருக்குது?”

கூட்டம் சிரித்தது. சித்தப்பாகூடச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குள் முதல் கம்பி இறங்கிவிட்டது. பிள்ளை வீறிட்ட அலறலில் மேளக்காரரே ஒரு அடி தப்பவிட்டார். அடுத்த காதுக்காக அவள் முகத்தைத் திருப்பியவர்கள், பதற்றத்தில் குத்திய காதே மேலே வரும்படி மறுபடியும் திருப்பிவிட்டார்கள். அந்தக் குழப்பத்தில் அவளுடைய குத்தாத காது கொஞ்ச நேரம் என் நெஞ்சோடு அழுந்திக் கிடந்தது. அழுகை சட்டென்று நின்றது. உள்ளே என்னவோ சத்தம் கேட்கிறதே என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கண்ணை அகல விரித்துக் கேட்டாள்.

இரண்டாவது கம்பிக்கு அவள் அவ்வளவாக அழவில்லை. நான்தான் அழுதேன். படுத்திருந்ததால் கண்ணீர் நேராகக் காதுக்குள் போனது.

டாக்டரம்மா கேட்டது

ஆஸ்பத்திரியில் பாட்டில் ஏற்றினார்கள். நெஞ்சுக்கு ஒன்றும் கேடில்லை, அழுத்தம்தான் தாறுமாறாக இறங்கிவிட்டது என்றார்கள். டாக்டரம்மா பிளாஸ்க்கைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் கம்ப்ரசர் விளக்கத்தை மாப்ளை ஏற்கெனவே அவரிடம் ஒப்பித்திருந்தார்.

“செடி வேலை செய்யாதுன்னு நான் சொல்லலைங்க. நெஞ்சுக்குக் குடுக்கிற ஒரு பழைய மாத்திரையே செடியிலிருந்து வந்ததுதான். அரளியும் நெஞ்சுல வேலை செய்யும், ஆளையே நிறுத்திரும். என் மாத்திரையில எவ்வளவு இருக்குன்னு அட்டையிலயே போட்டிருக்கு. உங்க கைப்பிடியில எவ்வளவு இருந்துச்சு?”

“ஒரு கைப்பிடிங்க” என்றேன்.

“நானும் வால்வைத் திறந்தேன். எனக்குத் தெரியாம நீங்களும் திறந்தீங்க. காத்தெல்லாம் போயிட்டா உங்க ரிக்கு பாறையை உடைக்குமா?”

உடைக்காது. அதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. அன்றிலிருந்து ஒரு மாத்திரை. வேறு எதை வாயில் போடுவதானாலும் அவரிடம் கேட்டுவிட்டுத்தான். மருதம்பட்டைக் கட்டு இப்போது கதவுக்கு முட்டுக் கொடுக்கிறது.

இந்தக் காது

கூர்க்கனும் போய்விட்டது. கம்பெனி வண்டி ஒரு தையில் வரவில்லை. அடுத்த தையிலும் வரவில்லை. களத்தைச் சுற்றி இப்போது மரவள்ளிதான். வெயில் சுடாமல் அடிக்கிற நாட்களில் மட்டும், வெறுங்களத்தில் கொஞ்சம் நடந்துவிட்டு வருவேன். காலடியில் ஒன்றும் சலசலப்பதில்லை.

வளர்மதி வீட்டுக் கூடத்தில் அந்தக் காதுகுத்துப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அரிசி மூட்டையில் கால், மார்பில் மொட்டைத் தலை, பக்கத்தில் பிளாஸ்க். வருகிறவர்கள் எல்லோரும் “இதென்னுங்க?” என்று கேட்பார்கள். மாப்ளை ஒன்றும் விடாமல் சொல்லுவார். எலை போடலாமா என்றவரைக்கூட விடமாட்டார்.

யாழினி பள்ளிக்கூடம் போகிறாள். பொங்கல் லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மத்தியானம் பாயில் மல்லாந்து கிடந்தேன். ஓடிவந்தவள், கேட்காமலே நெஞ்சில் தலையை வைத்துக் காதை அழுத்தினாள். படத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்ட பழக்கம்.

“ஓடுதா சாமி?” என்றேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். பதில் வரும்வரை மூச்சை விடவில்லை.

“ஓடுது மாமா.”

எழப்போனேன்.

“இருங்க, இருங்க. இந்தக் காதுலயும் கேட்டுக்கறேன்.”

முகத்தைத் திருப்பிப் படுத்தாள். கம்மல் சில்லென்று நெஞ்சில் பட்டது. நான் அசையவில்லை.